ஸ்டென்ட் வைக்கும்போதே அட்டாக் வருமா? - ஒரு கூழின் கதை



போன மாதம் ஒரு புதன்கிழமை, ஓபி முடியும் நேரம். ஐம்பத்தி நாலு வயசு அண்ணன் ஒருத்தர் மகனோட வந்தார். நெஞ்சு வலிக்காக மெடிக்கல் காலேஜுக்கு நான்தான் அனுப்பி வச்சிருந்தேன். ஆஞ்சியோ எடுத்து, ஒரு குழாயில் பெரிய அடைப்பு இருக்குன்னு சொல்லி, பத்து நாள் கழிச்சு ஸ்டென்ட் வைக்கத் தேதி கொடுத்திருந்தாங்க. பிபி பார்த்தேன், சுகர் பார்த்தேன். மாத்திரைப் பையை மேசையில் கொட்டினால், ஆஸ்பிரின் அட்டை காலியாகிட்டு வருது, கொழுப்பு மாத்திரை அட்டை மட்டும் பிரிக்காமல் அப்படியே இருக்கு.

"இதை ஏன்ணே போடலை?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டினான். கொழுப்பு மாத்திரை கம்பெனிக்காரன் சதி, நல்ல கொழுப்பையும் கரைச்சிடும்னு ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கார். அதோட தம்பி இன்னொரு கேள்வியும் கேட்டான்: "சார், ஸ்டென்ட் வைக்கும்போதே அட்டாக் வந்துடுமாமே, உண்மையா?"

முதல் விஷயம் பொய். ரெண்டாவது கேள்விக்கு உண்மையான பதில்: சிலருக்கு, சின்ன அளவில், ஆமாம். இந்த ரெண்டுக்கும் நடுவில் நெருங்கிய தொடர்பு இருக்கு. அதை ஓபியில் நின்னுக்கிட்டு மூணு நிமிஷத்தில் சொல்ல முடியாது. அதான் இந்த இழை. நீளம்தான், டீயைப் போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஒன்று சொல்லிடறேன். நான் இதய மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் படிச்ச அரசு மருத்துவமனை மருத்துவன். கேத் லேபுக்கு ஆளை அனுப்புறதும், அங்கிருந்து திரும்பி வந்தவரை வருஷக்கணக்கில் பார்த்துக்கிறதும்தான் என் வேலை. அந்த இடத்தில் நின்னு பார்த்ததையும் படிச்சதையும் எழுதறேன்.

கதை டென்மார்க்கில் தொடங்குது.

1844 மார்ச் 24. கோபன்ஹேகன் நகரத்தின் ராயல் தியேட்டர். அந்த நாட்டின் புகழ்பெற்ற சிற்பி பெர்டெல் தோர்வால்ட்சன் நாடகம் பார்க்க வந்திருக்கார். வயது 73. உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து இறந்துபோனார். பெரிய மனிதர் என்பதால் பிரேதப் பரிசோதனை செய்தாங்க. இதயத்தின் இடது ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவுகள். அதில் ஒன்று புண்ணாகி வெடித்து, உள்ளே இருந்த சரக்கு குழாய்க்குள் கொட்டியிருந்தது.

கவனிங்க, 1844. இசிஜி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. மாரடைப்பு என்ற நோயையே மருத்துவ உலகம் தெளிவாகப் புரிந்துகொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆகணும். ஆனா ஒரு கத்தியும் ரெண்டு கண்ணும் வச்சு அந்த டாக்டர்கள் விஷயத்தின் மையத்தையே பார்த்துட்டாங்க. படிவு வெடிக்குது, உள்ளே இருப்பது வெளியே கொட்டுது.

அந்தச் சரக்குக்கு மருத்துவத்தில் அதிரோமா என்று பெயர். கிரேக்க மொழியில் 'அதேரே' என்றால் கூழ், கஞ்சி. மஞ்சளா, கொழகொழன்னு, கூழ் மாதிரி இருந்ததால வந்த பேர். பேரை வச்சவன் வெட்டிப் பார்த்தவன்தான்.

எல்லா அடைப்பும் ஒரே மாதிரி இல்லைங்கிறது முக்கியம். நம்ம வீட்டுக் கொழுக்கட்டையை நினைச்சுக்கோங்க. மேல் மாவு தடிமனா, உள்ளே பூரணம் கொஞ்சமா இருந்தா, நீங்க கட்டை விரலால் அழுத்தினாலும் அமுங்கும், உடையாது. மாவு மெல்லிசா, பூரணம் நிறைய இருந்தா? லேசா அழுத்தினாலே பிதுங்கிடும். ரத்தக் குழாய் படிவும் இப்படித்தான். சில படிவுகள் நாரும் சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டிப்பட்டவை. சிலது மெல்லிய தோலுக்கு அடியில் கொழுப்புக் கூழைத் தேக்கி வச்சிருப்பவை. ஆஞ்சியோ படத்தில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஏன்னா ஆஞ்சியோ காட்டுவது குழாயில் ஓடும் சாயத்தைத்தான், குழாய்ச் சுவருக்குள்ள என்ன இருக்குன்னு அது சொல்லாது.

இப்போ அந்தக் கொழுக்கட்டையை உள்ளே இருந்து பலூன் வச்சு அழுத்துறோம்னு வைங்க.

அதைச் செய்யத் துணிந்தவர்களின் கதை தனி சினிமா. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர், காலை வெட்ட ஒத்துக்க மாட்டேன்னு அடம்பிடிச்ச 82 வயசுப் பாட்டியின் தொடை ரத்தக் குழாய் அடைப்பை, ஒன்றுக்குள் ஒன்றாகப் பெரிதாகும் குழல்களைச் செலுத்தியே திறந்தார். பாட்டி கால் தப்பியது. அமெரிக்காவில் பலர் அவரைக் கிறுக்கன் என்றார்கள். ஐரோப்பாவில் அதைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக். சூரிச் நகரில் வேலை. வீட்டுச் சமையலறை மேசைதான் இவருடைய ஆய்வுக்கூடம். ராத்திரி மனைவியும் உதவியாளர்களும் கூட உட்கார, பிளாஸ்டிக்கில் சின்னச் சின்ன பலூன் செய்து, ஊதி, வெடித்து, திரும்பச் செய்து பார்த்தார்.

1977 செப்டம்பர் 16. சூரிச். 38 வயசு ஆள் ஒருத்தர், இதயத்தின் முக்கியக் குழாயில் சின்னதா ஒரே ஒரு அடைப்பு. பைபாஸ் வேண்டாம், இதைச் செய்யுங்கள்னு அவரே சம்மதிச்சார். பலூன் உள்ளே போச்சு, ஊதினாங்க, அடைப்பு விலகியது. பத்து வருஷம் கழித்து அதே தேதியில் அவருக்குத் திரும்ப ஆஞ்சியோ எடுத்தப்ப அந்தக் குழாய் திறந்தே இருந்தது. பார்க்கத்தான் குருயன்ட்சிக் இல்லை. 1985ல் தானே ஓட்டிய விமானம் விழுந்து 46 வயசில் இறந்துட்டார்.

நம்ம ஊருக்கும் இந்தக் கயிறு நீளுது. எண்பதுகளின் நடுவில் இந்தியாவில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர், சென்னையில் பணியாற்றிய மாத்யூ சாமுவேல் களரிக்கல். 2025ல்தான் காலமானார்.

அந்த முதல் கேஸில் ஒரு விஷயம் இருக்கு. ஆள் இளைஞர், அடைப்பு சின்னது, ஒன்றே ஒன்று. குருயன்ட்சிக் கவனமாகத் தேர்ந்தெடுத்த அடைப்பு. பலூன் அழுத்தினால் படிவு பனிக்கட்டி மாதிரி அமுங்கி ஒதுங்கிடும் என்றுதான் அப்போ நினைத்தார்கள். உண்மையில் அமுங்குறது கொஞ்சம்தான். படிவு கிழியும், பிளக்கும், குழாய்ச் சுவரே இழுபட்டு விரியும். கிழிஞ்ச ஓரம் மடங்கி, குழாய் திரும்ப மூடிக்கிற ஆபத்து இருந்தது. அதனால அந்தக் காலத்தில் பலூன் வைக்கிற நாளில் பக்கத்து அறையில் பைபாஸ் குழு தயாரா நிற்கும்.

அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஸ்டென்ட். 1986ல் பிரான்சின் துலூஸில் ழாக் புவேலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வர்ட்டும் மனித இதயக் குழாயில் முதல் ஸ்டென்ட்களை வைத்தார்கள். கிழிந்த சுவரைக் கம்பி வலை தாங்கியது. ஆனா வலை மேலேயே ரத்தம் உறைய ஆரம்பிச்சது. அதைத் தடுக்க ரத்தத்தை ஏகத்துக்கு நீர்க்க வைக்கும் மருந்துகள், அதனால ரத்தக் கசிவு, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். 1995ல் மிலனின் அந்தோனியோ கொலம்போ குழுவினர், ஸ்டென்ட்டை அதிக அழுத்தத்தில் நன்றாக விரித்து, குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டுச் சரிபார்த்தால், அந்தக் கடும் மருந்து தேவையில்லை, தட்டணு மாத்திரைகளே போதும்னு காட்டினார்கள். இன்றைக்கு நீங்க ஆஸ்பிரினோட இன்னொரு மாத்திரை சேர்த்துப் போடுறீங்களே, அந்த ஜோடியின் ஊற்று இங்கேதான்.

சரி, குழாய் திறந்தாச்சு, ஸ்டென்ட் தாங்குது, ரத்தம் உறையலை. பிரச்சினை முடிஞ்சதா?

தொண்ணூறுகளில் ஒரு சங்கடமான விஷயம் தெரிய வந்தது. ஸ்டென்ட் வைத்து, படத்தில் எல்லாம் அழகா இருந்து, நோயாளி சிரிச்சுக்கிட்டே வார்டுக்குப் போறார். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தா, இதயத் தசை செத்தால் கசியும் நொதி கூடியிருக்கு. எல்லாருக்கும் இல்லை. ஆனா ஒதுக்கித் தள்ளும் அளவுக்குக் குறைவாகவும் இல்லை. சிலர் இது சும்மா லேப் சமாச்சாரம், நோயாளி நல்லாத்தானே இருக்கார் என்றார்கள். சிலர் இல்லை, இது நாமே உண்டாக்கின குட்டி மாரடைப்பு என்றார்கள். பல வருஷம் சண்டை. ட்ரோபோனின் பரிசோதனை வந்த பிறகு இன்னும் நுணுக்கமாகத் தெரிய ஆரம்பிச்சு, சண்டை இன்னும் பெரிசானது. எவ்வளவு கூடினால் அதை மாரடைப்பு என்று அழைக்கலாம் என்பதில் இன்றும் நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் எளிய கருத்து: லேசான உயர்வைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், பெரிய உயர்வை யாரும் அலட்சியமா விட வேண்டாம்.

காரணம்? கொழுக்கட்டைதான். பலூனும் ஸ்டென்ட்டும் அழுத்த, மெல்லிய தோல் கிழிந்து உள்ளே இருந்த கூழ், கொழுப்புப் படிகம், ரத்தக்கட்டித் துணுக்கு எல்லாம் ரத்த ஓட்டத்தில் கலந்து கீழே போகுது. கீழே என்றால், இதயத் தசைக்குள் பரவியிருக்கும் முடியை விட மெல்லிய நுண்குழாய்கள். அங்கே போய் மாட்டிக்கும்.

சொட்டு நீர்ப் பாசனம் போட்ட விவசாய சொந்தங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெயின் பைப் சுத்தமா இருக்கும், மோட்டார் நல்லா ஓடும், ஆனா சொட்டுவானில் மண் அடைச்சிருந்தா செடி வாடும். மெயின் பைப்பைப் போட்டோ எடுத்துக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்று செடியிடம் சொல்ல முடியாது.

இதிலேயே மிக மோசமான வடிவம் ஒன்று உண்டு. ஸ்டென்ட் விரிச்சாச்சு, குழாய் முழுசாத் திறந்திருக்கு, ஆனா சாயம் கீழே இறங்க மாட்டேங்குது. அப்படியே தேங்கி நிக்குது. நோயாளிக்கு வலி, இசிஜி மாறுது, பிபி விழுது. கேத் லேபில் சத்தம் சட்டுன்னு குறையும் தருணம் அதுன்னு இதய மருத்துவ நண்பர் ஒருத்தர் சொல்வார். இதை ஆங்கிலத்தில் 'நோ ரீஃப்ளோ' என்பார்கள், 'வழி திறந்தும் ஓட்டம் திரும்பாத நிலை'. 1974லேயே ராபர்ட் குளோனர் குழுவினர் நாய்களில் இதைத் தெளிவாகக் காட்டியிருந்தார்கள். குழாயை 40 நிமிஷம் மூடித் திறந்தால் ரத்தம் தசை முழுக்கத் திரும்பியது. 90 நிமிஷம் மூடித் திறந்தால், குழாய் திறந்தும் தசையின் சில பகுதிகளுக்கு ரத்தமே போகலை. அதாவது கூழும் துணுக்கும் மட்டும் காரணம் இல்லை. நேரம் ஆக ஆக நுண்குழாய்களே வீங்கிச் சிதைஞ்சு போகுது. இந்த 90 நிமிஷ நாயை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிரச்சினை தெரிஞ்சாச்சு. தீர்வு? துணுக்கு கீழே போகுதுன்னா, போற வழியில் வடிகட்டி வைப்போம்! உங்களுக்கும் எனக்கும் தோணுற அதே யோசனை. டீயில் தூள் வராமல் இருக்க என்ன செய்வோம்?

முதல் வெற்றி பைபாஸ் ஆனவர்களிடம் கிடைச்சது. பைபாஸில் காலில் இருந்து 'நரம்பை' எடுத்து வைப்பாங்கன்னு சொல்வோமே, அது நரம்பு இல்லை, சிரை. அந்தச் சிரை சில வருஷத்தில் கூழ் நிறைஞ்சு அடைச்சுக்கும். அதில் ஸ்டென்ட் வைப்பது அழுகின பழத்தில் கை வைக்கிற மாதிரி. 2002ல் வெளியான 'சேஃபர்' ஆய்வில் 801 பேர். பாதிப் பேருக்கு அடைப்புக்குக் கீழே ஒரு தடுப்பு பலூனை ஊதி, ஸ்டென்ட் வைத்த பின் தேங்கிய குப்பையை உறிஞ்சி எடுத்தாங்க. 30 நாளில் மரணம், மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 16.5 சதவிகிதத்தில் இருந்து 9.6 ஆகக் குறைந்தது. அருமை.

உடனே எல்லாரும், மாரடைப்பில் வருகிறவர்களின் சொந்தக் குழாயிலும் இதையே செய்வோம்னு இறங்கினாங்க. 2005ல் 'எமரால்டு' ஆய்வு, 501 நோயாளிகள், அதே தடுப்பு பலூன். எடுத்துப் பார்த்தவர்களில் 73 சதவிகிதம் பேரிடம் கண்ணால் பார்க்கும்படியான குப்பை மாட்டியிருந்தது! ஆனா இதயத் தசை சேதம்? குறையவே இல்லை.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச, ரொம்ப உறுத்துற இடம் இதுதான். கையில் குப்பையை வச்சிருக்கோம். பாட்டிலில் போட்டு உறவினரிடம் காட்டலாம். "பாருங்கம்மா, இதைத்தான் எடுத்தோம்." யார் நம்ப மாட்டார்கள்? ஆனா நோயாளிக்கு லாபம் இல்லை.

சரி, வடிகட்டி வேண்டாம், அடைப்பில் இருக்கிற ரத்தக்கட்டியை முதலிலேயே உறிஞ்சி எடுத்துடுவோம் என்றார்கள். 2008ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 'டாபாஸ்' ஆய்வு, 1071 பேர். உறிஞ்சியவர்களில் ஒரு வருஷத்தில் இதய மரணம் 3.6 சதவிகிதம், உறிஞ்சாதவர்களில் 6.7. உலகம் முழுக்க உறிஞ்ச ஆரம்பிச்சாங்க. 2013ல் சுவீடனைத் தலைமையாகக் கொண்ட 'டேஸ்ட்' ஆய்வு, 7244 பேர். 30 நாள் மரணம் 2.8க்கு 3.0. வித்தியாசமே இல்லை. 2015ல் கனடாவில் இருந்து 'டோட்டல்' ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். லாபம் இல்லை. அது மட்டுமில்லை, 30 நாளில் பக்கவாதம் 0.3 சதவிகிதத்துக்குப் பதில் 0.7. உறிஞ்சி வெளியே இழுக்கும்போது துண்டு நழுவி மூளைக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகம். எல்லா மாரடைப்புக்கும் வழக்கமாக உறிஞ்சும் பழக்கம் அதோட முடிவுக்கு வந்தது. இன்று, பெரிய கட்டி கண்ணுக்குத் தெரிகிற சிலருக்கு மட்டும்.

ஏன் இப்படி? நாயை நினைச்சுக்கோங்கன்னு சொன்னேனே. மாரடைப்பில் வருகிறவருக்கு நாம கம்பி போடும் முன்னாடியே பல மணி நேரம் தசை பட்டினி கிடந்திருக்கு. நுண்குழாய் ஏற்கெனவே சிதைஞ்சிருக்கு. துணுக்குகளும் நாம வர்றதுக்கு முன்னாடியே கீழே இறங்கியிருக்கு. அப்புறம் கருவிகளே அடைப்பைத் தாண்டிப் போகும்போது இன்னும் கொஞ்சத்தைக் கிளறிவிடலாம். வடிகட்டி வைக்கும் கையே டம்ளரையும் தட்டிவிடுகிற கதை.

இதுக்கிடையில் இன்னொரு கூட்டம் வேற கேள்வி கேட்டது. எல்லா அடைப்பிலும் வடிகட்டி எதுக்கு? எதில் கூழ் நிறைய இருக்குன்னு முன்னாடியே பார்த்துட்டா?

'எளிதில் வெடிக்கும் படிவு' என்ற கருத்தை எண்பதுகளின் கடைசியில் பரப்பியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் முல்லர், அகச்சிவப்புக்கு அருகில் உள்ள ஒளியைக் குழாய்க்குள் விட்டு, திரும்பி வரும் ஒளியை வச்சுக் கொழுப்பைக் கண்டுபிடிக்கிற கருவியை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். 2008ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. குழாயை நீட்டி விரிச்ச மாதிரி ஒரு படம் வரும். கொழுப்பு இல்லாத இடம் சிவப்பு, கொழுப்புக் கூழ் இருக்கிற இடம் மஞ்சள். ஒவ்வொரு 4 மில்லிமீட்டர் நீளத்துக்கும் 0 முதல் 1000 வரை மதிப்பெண்.

2011ல் 62 பேரை வச்சு ஒரு சின்ன ஆய்வு. மதிப்பெண் 500க்கு மேல் இருந்தவர்கள் 14 பேர். ஸ்டென்ட் வைத்த பின் அதில் 7 பேருக்குக் குட்டி மாரடைப்பு. 500க்குக் கீழ் இருந்த 48 பேரில் வெறும் 2 பேருக்கு. அதாவது தோர்வால்ட்சனின் கூழை, ஆள் உயிரோட இருக்கும்போதே, சிகிச்சைக்கு முன்னாடியே படம் பிடிச்சாச்சு. ஆபத்து யாருக்குன்னும் தெரிஞ்சாச்சு.

இனி என்ன, மஞ்சள் அதிகமா இருக்கிறவருக்கு மட்டும் வடிகட்டி வச்சா முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. அதையும் செஞ்சு பார்த்தாங்க. 2015, 'கேனரி' ஆய்வு. மதிப்பெண் 600க்கு மேல் உள்ள 31 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரிச்சாங்க. வடிகட்டி வைத்தவர்களில் குட்டி மாரடைப்பு 35.7 சதவிகிதம். வைக்காதவர்களில் 23.5. ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் வடிகட்டி கெடுதல் என்று சொல்ல முடியாது. ஆனா நல்லது என்று சொல்ல ஒரு பிடியும் கிடைக்கலை.

கேனரி என்பது அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் விஷவாயு எச்சரிக்கைக்குக் கூண்டில் கொண்டுபோன குருவி. குருவி சரியாத்தான் எச்சரிச்சது. தப்பிக்கிற வழிதான் தெரியலை.

இப்போ அந்த அண்ணன் பிரிக்காமல் வச்சிருந்த அட்டைக்கு வருவோம்.

1973 வாக்கில் டோக்கியோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த அகிரா எண்டோ, சுமார் 6000 பூஞ்சைகளைச் சலிச்சுப் பார்த்து, கியோட்டோவின் தானியக் கடை அரிசியில் வளர்ந்த நீலப் பூஞ்சை ஒன்றில் இருந்து, உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் பொருளைப் பிரிச்சார். அதுதான் ஸ்டாட்டின்களின் ஆதி. 1994ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4444 இதய நோயாளிகளை வச்சு நடந்த ஆய்வில், ஸ்டாட்டின் போட்டவர்களின் மொத்த மரணமே 30 சதவிகிதம் குறைந்தது. வீடியோக்காரர் சொல்லும் சதி இதுதான். அகிரா எண்டோ 2024ல் தொண்ணூறு வயதில் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

அது வருஷக்கணக்கில் போட்டு வரும் லாபம். ஸ்டென்ட் வைக்கிற நேரத்தில்?

2004ல் ரோம் நகரத்து இதய மருத்துவர்கள் 'அர்மிடா' என்ற ஆய்வை வெளியிட்டாங்க. 153 பேர், எல்லாரும் தேதி கொடுத்து நிதானமா ஸ்டென்ட் வைக்க வந்தவர்கள், நம்ம அண்ணன் மாதிரி. பாதிப் பேருக்கு ஏழு நாள் முன்னாடியிருந்து தினம் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. குட்டி மாரடைப்பு: மாத்திரை போட்டவர்களில் 5 சதவிகிதம், போடாதவர்களில் 18. அதுக்கப்புறம் அவசரமா வருகிறவர்களுக்கு 12 மணி நேரம் முன்னாடி 80 மில்லிகிராம், ஏற்கெனவே தினமும் போடுகிறவர்களுக்கும் கூடுதல் டோஸ் என்று அதே குழு அடுத்தடுத்து ஆய்வு செய்ய, அதிலும் லாபம் தெரிஞ்சது.

படத்திலும் மாற்றம் தெரிஞ்சது. 2013ல் நியூயார்க்கில் அன்னபூர்ணா கினி தலைமையில் நடந்த ஆய்வில், அதிக டோஸ் ரோசுவாஸ்டாட்டின் போட்ட சில வாரங்களிலேயே அந்த மஞ்சள் மதிப்பெண் இறங்கியது. பூரணம் வற்றுது.

ஒரே டோஸில் பூரணம் வற்றாது, அது எனக்கும் தெரியும். அங்கே வேலை செய்வது அழற்சியைத் தணிப்பதும், குழாயின் உள் தோலைச் சீராக்குவதும்தான் என்பது இப்போதைய விளக்கம்.

ஆனா இங்கேயும் உங்ககிட்ட முழுசாச் சொல்லணும். 2018ல் பிரேசிலில் 'செக்யூர் பிசிஐ' ஆய்வு, 4191 பேர். மாரடைப்பு, கடும் நெஞ்சு வலியோட வந்தவர்களுக்கு ஸ்டென்ட்டுக்கு முன் 80 மில்லிகிராம். மொத்தமாக எடுத்தால் பாதிப்பு 6.2க்கு 7.1, புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. அவர்களில் உண்மையில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களை மட்டும் பிரிச்சுப் பார்த்தா 6.0க்கு 8.2. அப்படிப் பிரிச்சுப் பார்க்கிற கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடதான் எடுத்துக்கணும். வடிகட்டி விஷயத்தில் பட்ட அடி மறந்துடக்கூடாது. இருந்தாலும், மலிவான மாத்திரை, ஒரு டோஸால் பெரிய கெடுதல் இல்லை, எப்படியும் வாழ்நாள் முழுக்கப் போடப்போவது. அதை முன்கூட்டியே தொடங்குவதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

நம்ம அரசும் அப்படித்தான் முடிவு எடுத்தது. 2023ல் தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சு வலியோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, மாரடைப்புன்னு தெரிஞ்சா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்னாடியே 14 மாத்திரை கையில் கொடுப்போம். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் 8. அந்த எட்டையும் கூட்டினால் 80. "இத்தனை மாத்திரையா டாக்டர்?" என்று ஒருத்தர் விடாமல் கேட்பாங்க. ரோமும் பிரேசிலும் அந்தக் கையில்தான் இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்குவேன். வாயால் "தண்ணி குடிங்கண்ணே, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு" என்பதோட சரி.

இதய மருத்துவர்கள் கையில் இன்னைக்கு வேறு தந்திரங்களும் இருக்கு. கூழ் நிறைந்த படிவை அளவுக்கு மீறி பலூன் ஊதி நசுக்குவதைத் தவிர்ப்பது. ஸ்டென்ட்டின் ஓரம் கூழ் மேலேயே உட்காராமல், ரெண்டு பக்கமும் நல்ல சுவரில் முடியுமாறு நீளத்தைத் தேர்ந்தெடுப்பது. குழாய்க்குள் ஒளிப்படம் எடுத்து அளவு பார்ப்பது. ஓட்டம் நின்னா அடினோசின், நைட்ரோபுருசைடு மாதிரி மருந்துகளை நேராக நுண்குழாய்களை நோக்கிச் செலுத்துவது. எல்லா ஊரிலும் எல்லாக் கருவியும் இருக்காது. பெரும்பாலும் நல்ல கையும் பொறுமையும்தான்.

வீட்டில் இருக்கிற உங்ககிட்ட நான் கேட்பது கொஞ்சம்தான். ஸ்டென்ட்டுக்குத் தேதி கொடுத்திருந்தா, கொழுப்பு மாத்திரையையோ ரத்தம் உறையாத மாத்திரையையோ நீங்களா நிறுத்தாதீங்க. உடம்பு வலி, தசை வலி வந்தா எங்ககிட்ட சொல்லுங்க, டோஸைக் குறைக்கலாம், வேற மாத்திரை மாத்தலாம். கிட்னி பிரச்சினை, சாயம் ஒத்துக்காத அனுபவம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நெஞ்சு வலியா இருந்தா, கேஸ் என்று சோடா குடிச்சுக்கிட்டு உட்காராதீங்க. அந்த 90 நிமிஷ நாய்க்கு நடந்ததை எந்தக் கருவியாலும் திருப்பிச் செய்ய முடியாது. இன்னொன்று, வீடியோவில் வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: உங்க மாத்திரையை நிறுத்தச் சொல்றாரே, ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா அவர் நம்பர் என்ன?

அந்த அண்ணன் அன்னைக்கே என் முன்னாடி அட்டையைப் பிரிச்சு முதல் மாத்திரையைப் போட்டார். ஸ்டென்ட்டுக்கு எட்டு நாள் பாக்கி இருந்தது. வச்சாச்சு. டிஸ்சார்ஜ் சீட்டில், மறுநாள் ட்ரோபோனின் லேசா உயர்வு, அறிகுறி ஏதும் இல்லைன்னு எழுதியிருந்தது. மாத்திரை போடாமல் போயிருந்தா எவ்வளவு உயர்ந்திருக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஆளை வச்சு ஆய்வு செய்ய முடியாதே.

போன வாரம் செக்கப்புக்கு வந்தார். மகன் வெளியே பைக்கை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு துண்டு மட்டன்..."

"ரெண்டு துண்டுன்னா ரெண்டு துண்டுதான்ணே."